மறு: மறு: மின்காப்புத் தடை மின்னிறக்கம் – ‘தடை’ வேண்டாமே

வணக்கம். நம் கலைச்சொல் அட்டவணை வரைவில் இப்படி இருக்கிறது:

> டைஎலெக்ட்ரிக் பேரியர் டிஸ்சார்ஜ் = மின்காப்புத் தடை மின்னிறக்கம்

‘மின்னிறக்கம்’ பாடநூலில் ஊன்றிவிட்ட சொல், இருக்கட்டும். ‘தடை’தான் இடிக்கிறது. தடை என்றாலே மாணவர்களுக்கு ஓம் நினைவுக்கு வரும். இரு மின்முனைகளுக்கு நடுவே வாயு இடைவெளியும் கண்ணாடி போன்ற காப்பும் வைத்து, மாறுமின்னழுத்தம் கொடுக்கும் இந்தக் கலத்தில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது மின்தடை அல்ல, மின்தேக்கம். இடைவெளியில் மெல்லிய மின்னிறக்க இழை ஒன்று பாய்ந்ததும் அதன் அடியில் கண்ணாடிப் பரப்பில் மின்னூட்டம் குவிகிறது. அதன் எதிர்ப்புலம் சில பத்து நானோநொடிக்குள் இழையை அணைத்துவிடும். அது சூடான மின்வில்லாக முற்றாததும், எலெக்ட்ரான்கள் சூடேறியும் வாயு சூடேறாததும் இதனால்தான். அடுத்த அரைச்சுற்றில் அதே மின்னூட்டம் புதிய புலத்துக்குத் துணை நிற்கும். மின்தடையைத் தொடரில் வைத்தால் ஆற்றல் வெப்பமாக வீணாகும்.

என் முன்மொழிவு: காப்பிடை மின்னிறக்கம். ஒவ்வோர் இழைக்கும் ‘நுண்ணிறக்கம்’.

ஜாலஹள்ளி, பெங்களூரு

—

ஐயா,

‘காப்பிடை’ காதுக்கு இனிமை. ஆனால் இரு காப்புகளுக்கு இடையே என்றுதான் பொருள்படும். ஒரு மின்முனையில் மட்டும் கண்ணாடி வைத்த கலமும் உண்டே? தவிர, நேர்மின்னோட்டம் கொடுத்தால் ஒருமுறை மினுக்கிவிட்டு நின்றுவிடும். ஆகவே தடுக்கிறது என்பது பொய்யில்லை. ‘தடுப்பு’ என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. வரைவு அட்டவணையில் ‘திறன்’ மூன்று இடத்தில் மூன்று பொருளில் வருகிறது. ‘திறன் 17’ என்றால் வாட்டா, விழுக்காடா?

—

அம்மா,

ஒற்றைக் காப்புக் கலத்தை மறந்தது என் பிழை. ‘மின்காப்புத் தடுப்பு மின்னிறக்கம்’ என்றே வைப்போம். நுண்ணிறக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திறன் குழப்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 25 ச.செ.மீ. தட்டைக் கலம், 2 மி.மீ. குவார்ட்ஸ், 1 மி.மீ. இடைவெளி. குவார்ட்ஸின் சார்பு விடுதிறன் (வெற்றிடத்தைவிட மின்தேக்கத்தை எத்தனை மடங்காக்கும் என்ற எண்) 3.8, காப்பின் மின்தேக்கம் ஏறத்தாழ 42 பிகோஃபாரட், இடைவெளிக்கு 22, தொடரில் சேர்த்தால் 14.5. தரைப்பக்கம் 47 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடரில் வைத்து, அதன் மின்னழுத்தத்திலிருந்து மின்னூட்டத்தைக் கணக்கிடுங்கள். பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் செராமிக் வேண்டாம், மின்னழுத்தம் ஏற அதன் மதிப்பு மாறும். பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் வாங்குங்கள். அலைகாட்டியில் கிடைமட்டத்தில் கலத்தின் மின்னழுத்தம், செங்குத்தில் மின்னூட்டம். இணைகரம் ஒன்று தெரியும்; அதன் பக்கங்களின் சாய்வுதான் மின்தேக்கம் (பிகோஃபாரட்டில்). சாய்வு குறைந்த பக்கம், மின்னிறக்கம் இல்லாத நேரம்: 14.5 வரவேண்டும். செங்குத்தான பக்கம், இறக்கம் நடக்கும் நேரம்: 42. இங்கே 30தான் வருகிறதென்றால் மின்முனையின் முழுப் பரப்பிலும் இறக்கம் நடக்கவில்லை. சாய்வு குறைந்த பக்கம் 20 காட்டினால் ஒயர்களின் உபரி மின்தேக்கம் கலந்துவிட்டது. உயர்மின்னழுத்தப் புரோபைச் சரியாக ஈடுசெய்யாமல் விட்டாலும் இணைகரத்தின் பரப்பு மாறிவிடும்; கணக்கு அங்கேயே கெடும்.

பரப்பு, ஒரு சுற்றின் ஆற்றல். அதை அதிர்வெண்ணால் பெருக்கினால் திறன். இத்தகைய கலத்தின் திறனுக்கு மான்லி 1943இல் தந்த சமன்பாட்டின்படி, 10 கிலோஹெர்ட்ஸ், உச்சம் 8 கிலோவோல்ட், இடைவெளியின் இறக்க மின்னழுத்தம் 3 கிலோவோல்ட் என்றால் சுமார் 17 வாட். சுவர் பிளக்கில் மீட்டர் 30 வாட் காட்டும். மீதி மின்மாற்றியிலும் சுற்றிலும் போனது. ஆகவே எந்தத் திறனால் வகுக்கிறோம் என்று சொல்லாமல் வேதியியல் கணக்கு எழுதுவது வீண்வேலை.

ஓசோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனிலிருந்து அதை உண்டாக்க ஒரு மோலுக்கு 143 கிலோஜூல் வேண்டும். கோட்பாட்டு உச்சம் கிலோவாட் மணிக்கு 1.2 கிலோ. ஆக்சிஜன் ஊட்டி கிலோவாட் மணிக்கு 150 கிராம் எடுத்தால் நல்ல கலம்தான், ஆனால் விழுக்காட்டில் அது 12தான். இந்த 150ஐ ‘ஆற்றல் விளைச்சல்’ என்போம், 12 விழுக்காட்டைப் ‘பயனுறுதிறன்’ என்போம், ‘திறன்’ வாட்டுக்கு மட்டும். ‘விளைதிறன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மறுபடி அதே சேற்றில் கால் வைப்பானேன்?

காற்றை ஊட்டினால் விளைச்சல் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆற்றலை ஏற்றிக்கொண்டே போனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகி, உண்டான ஓசோனையும் அழித்துவிடும். இதற்கு ‘இறக்க நஞ்சேற்றம்’ என்று அட்டவணையில் ஒரு வரி சேர்க்கலாம். ஈரப்பதம் இருந்தால் நைட்ரிக் அமிலம் வேறு உண்டாகும். மழைக்காலத்தில் உலர்த்தியை நம்பி இருக்காதீர்கள், பனிநிலை (வாயுவின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) -60 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னையில் அளந்த மின்னழுத்த அட்டவணையை இங்கே அப்படியே பயன்படுத்தவும் கூடாது. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. வெளிக்காற்றுக்குத் திறந்த கலத்தில் முறிவு மின்னழுத்தமும் (இறக்கம் தொடங்கத் தேவையான மின்னழுத்தம்) கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும். அட்டவணையில் ‘முறிவு மின்னழுத்தம்’ வரிக்குப் பக்கத்தில் அழுத்தத்துக்கும் ஒரு கட்டம் விட்டுவிடுங்கள்.