ஒரு காலை இழந்த படைவீரருக்கு வீட்டு மானியம்: ஆண்டுக்கு 120 பேர் என்ற வரம்பு சரியா?

செழியன்:
படைப்பணியால் கடுமையான உடற்குறைக்கு ஆளானவர்கள் சக்கர நாற்காலியோடு புழங்கும்படி வீட்டைக் கட்டவோ மாற்றியமைக்கவோ, அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2025 நிதியாண்டில் 1,21,812 டாலர் வரை மானியம் அளித்தது. இரு கால்களையும் இழந்தவர்களுக்கு இதில் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆனால் 2001 செப்டம்பர் 11-க்குப் பின் ஒரு காலை மட்டும் இழந்து, ஊன்றுகோலோ நாற்காலியோ இன்றி நடக்க இயலாதவர்களில் ஆண்டுக்கு 120 பேருக்குத்தான் கிடைக்கும். தகுதி உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு 121-ஆவது ஆளைத் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வரம்பை நீக்க வேண்டும்.

வைகறை:
இத்திட்டம் வளர்ந்த வழியையும் பார்க்க வேண்டும். 1948-இல் தொடங்கியபோது செலவில் பாதி, அதுவும் 10,000 டாலருக்கு மிகாமல்தான் கொடுத்தார்கள். இன்று உச்சவரம்பு கட்டுமானச் செலவுக் குறியீட்டின்படி ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. ஒரு காலை இழந்தோருக்கான எண்ணிக்கையையும் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் 30-இலிருந்து 120 ஆக்கியது. செயற்கைக் காலுடன் படியேறக்கூடியவரையும் இரு கால்களும் அற்றவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், மிகவும் தேவைப்படுபவருக்கு உதவி போய்ச் சேரத் தாமதமாகும்.

செழியன்:
செயற்கைக் கால் எந்நேரமும் உடலோடு இருப்பதில்லை. குளிக்கும்போதும் உறங்கும்போதும் அதைக் கழற்றியாக வேண்டும். காலின் எஞ்சிய பகுதி வீங்கினாலோ புண்ணானாலோ நாள்கணக்கில் அணிய முடியாது. ஆக, வழுக்கும் குளியலறையில், நள்ளிரவில், அவர் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார். சுவர்க் கைப்பிடிகளும், நாற்காலியோடு நுழையும்படி தடுப்பில்லாத குளியலிடமும், அகலமான கதவும் அந்த நேரத்துக்காகத்தான் வேண்டியிருக்கின்றன. பகலில் அவர் நடப்பதைப் பார்த்துத் தேவையை அளப்பது நியாயமல்ல.

மதுரவல்லி:
எண்ணிக்கையைவிட எனக்கு உறுத்துவது உடைமை நிபந்தனை. முழு மானியம் பெற வீடு அவருக்கு உரியதாக இருக்க வேண்டும், அல்லது உரியதாகப் போகிறதாக இருக்க வேண்டும். இருபது வயதில் காயமடைந்து திரும்புபவருக்குச் சொந்த வீடு ஏது? பெற்றோர் வீட்டில் தங்கினால் தற்காலிகக் குடியிருப்பு மானியம் உண்டு. அது முழுத் தொகையில் பாதிக்கும் குறைவு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே அங்கு சாய்தளத்துக்கான அளவு. வாசல் மூன்றடி உயரமானால் 36 அடிச் சாய்தளம் வேண்டும். வீடு யார் பெயரில் இருந்தாலும் அந்த வேலை ஒன்றுதான், செலவும் ஒன்றுதான்.

வைகறை:
பெற்றோர் அந்த வீட்டை நாளை விற்றுவிட்டால் அவர் மீண்டும் படிகளுக்கு முன்னால்தான் நிற்பார். உடைமை நிபந்தனை அவரைக் காப்பதற்கே. இடம் மாறுவோருக்காக, மூன்று முறைக்குப் பதிலாக ஆறு முறை வரை பிரித்துப் பெறவும் அதே 2020 சட்டம் வழி செய்திருக்கிறது. செழியன் கேட்டதற்கும் சட்டத்திலேயே இடமுண்டு: பணிக்காயத்தின் விளைவாக மற்றக் காலும் செயலிழந்தால் அவர் வரம்பில்லாப் பிரிவுக்குள் வந்துவிடுவார்.

செழியன்:
நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் எதிர்க்கிறேன். பல்லாண்டுகள் உடலின் சுமை ஒரே முழங்காலில் இறங்குவதாலும், மாற்றியமைக்காத குளியலறையில் விழுந்து அடிபடுவதாலும் அந்த மற்றக் கால் கெடக்கூடும். அப்படி நேர்ந்த பிறகு வரம்பைத் தளர்த்தும் சட்டம், நேர்வதற்கு முன்பே ஏன் தளர்த்தக் கூடாது?