லிவர் ஆக்‌ஷன் ரைபிளுக்கு ‘நெம்பேற்றி’: என் பரிந்துரையும் காரணமும்

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘நெம்புகோல் இயக்கத் துப்பாக்கி’ என்றே வைத்துவிடலாமே, பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் முதல்முறை படிக்கிறவர் நெம்புகோலை இழுத்தால் குண்டு பாயும் என்றுதான் எடுத்துக்கொள்வார். சுடுவது விசை (டிரிகர்). நெம்புகோலின் வேலை வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிவைப்பதோடு சரி. ஆகவே சொல்லுக்குள் ‘ஏற்றுதல்’ வந்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. நெம்பேற்றி, முழுதாகச் சொன்னால் நெம்பேற்றித் துப்பாக்கி. மின்னேற்றி என்று சார்ஜருக்கு நாம் ஏற்கெனவே புழங்கும் சொல்லின் வார்ப்புதான் இது.

பொறியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். வின்செஸ்டர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894ஆம் ஆண்டு வகையை எடுத்துக்கொள்கிறேன், 70 லட்சத்துக்கும் மேல் தயாரான துப்பாக்கி அது. சுடும் குழலுக்குக் கீழே, அதை ஒட்டினாற்போல இன்னொரு குழாய் ஓடும், தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். விரல்களை வளையத்துக்குள் விட்டு நெம்புகோலைக் கீழும் முன்னுமாகத் தள்ளினால் தாழ் (போல்ட்) பின்னுக்குப் போகிறது. போகிற வழியில் வெற்றுத் தோட்டாவைப் பிடுங்கி எறிகிறது, குதிரையையும் (ஹேமர்) மடக்கி வைக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சின்னத் தூக்கி, குழாயிலிருந்து வந்த அடுத்த தோட்டாவைக் குழலின் மட்டத்துக்கு உயர்த்துகிறது. நெம்புகோலைத் திரும்ப இழுத்தால் தாழ் முன்னே வந்து தோட்டாவை உள்ளே செலுத்திப் பூட்டிக்கொள்கிறது.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் இதன் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டினேன். ஆணியடித்த சுழல்புள்ளியில் நேராக விரலை வைத்து, “இது அடிபம்பு கைப்பிடி மாதிரிதான் கீது, சரி, தோட்டா கீழேர்ந்து மேல எப்டி ஏறுது?” என்றார். அவர் கேட்ட அந்த ‘ஏறுது’தான் எனக்கு வேண்டிய சொல். நிரப்புவது, உயர்த்துவது என்று ‘ஏற்று’வுக்கு இருக்கும் இரண்டு பொருளும் இந்தத் துப்பாக்கியில் ஒரே அசைவில் நடக்கின்றன. வேறெந்த வகைத் துப்பாக்கிக்கும் இதைவிடப் பொருத்தமாக அந்தச் சொல் உட்காராது.

> நல்லது கெட்டது எல்லாம் கலைச்சொல்லுக்கு எதற்கு?

தேவைதான் ஐயா. இதன் சிறப்பும் குறையும் அந்த நெம்புகோலிலும் குழாயிலும்தான் இருக்கின்றன, விளக்கக் குறிப்பில் அதைச் சொல்லாவிட்டால் பதிவு பாதிதான். தாழ் வகைத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் கை பிடியை விட்டு மேலே போய் வரவேண்டும். இதில் கட்டையைத் தோளிலிருந்து எடுக்காமல், மானின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த வெடிக்குத் தயாராகலாம். இடக்கைக்காரருக்கும் தொல்லையில்லை. பக்கவாட்டில் கைப்பிடி எதுவும் துருத்தாததால் தட்டையாக இருக்கும், எடை ஏறத்தாழ 3 கிலோ. அதனால்தான் குதிரைச் சேணத்தில் செருகிக்கொண்டு போனார்கள். 1866ஆம் ஆண்டு வின்செஸ்டரிலிருந்து பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வந்துவிட்டது, இரண்டு தோட்டா செலவானால் இரண்டை அங்கேயே தள்ளிக்கொள்ளலாம். அமெரிக்காவின் அடர்ந்த காடுகளில் நூறு மீட்டருக்குள் மான் சுடுகிறவர்கள் இன்னும் இதை விடாமல் வைத்திருப்பதற்கு இவ்வளவும் காரணம்.

குறையில் முதலாவது குழாய். ஒரு தோட்டாவின் முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் அடியிலுள்ள வெடிமுனையில் (பிரைமர்) முட்டிக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டாக இருந்தால், சுடும்போது வரும் உதைப்பில் உள்ளேயே வெடித்துவிடக்கூடும். எனவே தட்டை முனை அல்லது மழுங்கல் முனைதான் போட வேண்டும், அப்படிப்பட்ட குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழந்து தாழ்ந்துவிடும். 150, 200 மீட்டருக்கு மேல் நம்பிச் சுட முடியாது என்பார்கள். 2000களின் நடுவில் தோட்டா தயாரிக்கும் ஹார்னடி நிறுவனம் மென்மையான பிளாஸ்டிக் முனை வைத்து இதைக் கொஞ்சம் சரிசெய்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே 1895ஆம் ஆண்டு வின்செஸ்டர் குழாயை விட்டுவிட்டுத் தோட்டாப் பெட்டிக்குப் போயிற்று, முதல் உலகப் போரில் ரஷ்யா ஏறத்தாழ 3 லட்சம் வாங்கியது அந்த வகையைத்தான். ஆகவே நம் வரையறையில் ‘குழாய்’ கட்டாயம் என்று எழுதிவிடக் கூடாது, நெம்புகோல்தான் கட்டாயம்.

அடுத்து, தரையோடு படுத்துச் சுடும்போது நெம்புகோல் மண்ணில் இடிக்கும். பழைய வின்செஸ்டர் வெற்றுத் தோட்டாவை மேலே எறிவதால் தொலைநோக்கியைக் குழலுக்கு நேர் மேலே பொருத்த வழியில்லை, மார்லின் நிறுவனத்தின் துப்பாக்கி பக்கவாட்டில் எறிந்ததால் அந்தச் சிக்கலிலிருந்து தப்பித்தது. உப்பிப்போய் ஒட்டிக்கொண்ட தோட்டாவைத் தாழ் வகை திருகிக் கழற்றும், இதற்கு அந்த இழுவலு குறைவு. பயிற்சிக் குறிப்பில் கட்டாயம் எழுதவேண்டிய ஆபத்தும் ஒன்று உண்டு. 1894 வகையில் துப்பாக்கியைக் காலி செய்ய, குழாயில் உள்ள எல்லாத் தோட்டாவையும் நெம்பி நெம்பி உள்ளே ஏற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் துப்பாக்கி சுடத் தயாராகவே நிற்கும்.

> பட்டறையில் எல்லாரும் லிவர் என்றுதான் சொல்கிறார்கள், அதையே வைத்தால் என்ன?

பேச்சில் தாராளமாக இருக்கட்டும். ‘லிவர் ரைபிள்’ என்பதை இணைச்சொல்லாகப் பதிவிலேயே கொடுத்துவிடுவோம், தேடுகிறவருக்கும் அது வேண்டும். ஆனால் பள்ளி அறிவியல் புத்தகத்திலேயே நெம்புகோல் வந்து வேரூன்றிவிட்டது, எட்டாம் வகுப்புப் பையனுக்கும் ‘நெம்பு’ புரியும்போது நாம் ஏன் ஒதுங்க வேண்டும்? 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டைக்காரர்கள் இதைப் புழங்கப் போவதில்லை. நாவல் மொழிபெயர்ப்பவர், படத்துக்கு வசன வரி எழுதுபவர், அருங்காட்சியகத்தில் குறிப்பு எழுதுபவர் ஆகியோருக்குத்தான் சொல் தேவை. அவர்களுக்குக் குட்டையாக, ஒரே வீச்சில் வாயில் வரக்கூடியதாக வேண்டும்.

இன்னொரு நன்மை, இதோடு ஒரு குடும்பமே வந்துவிடுகிறது. போல்ட் வகைக்குத் தாழேற்றி, வெடிப்பின் உந்துதலிலேயே தானாக நிரம்புவதற்குத் தானேற்றி. துணைச்சொற்களில் பேரலுக்குக் குழல், கீழே தோட்டா அடுக்குவதற்குத் தோட்டாக்குழாய் என்று பிரித்துவிட வேண்டும். நேற்றைய பட்டியலில் இரண்டுக்குமே ‘குழல்’ போட்டிருப்பது குழப்பும். ஹேமருக்குக் ‘குதிரை’ என்று பழைய சொல் இருக்கும்போது ‘சுத்தி’ வேண்டவே வேண்டாம், அதை இந்தச் சுற்றிலேயே நீக்கிவிடுங்கள்.

பம்ப் வகைக்கு ‘முன்பிடியேற்றி’ என்று யோசித்தேன், சற்று இழுக்கிறது. முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளும் அசைவு அது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.