ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம்: போனவர்கள், படித்தவர்கள் பகிருங்கள்

வானதி: குளிர்காலப் பருவத்தில் சேரப்போகிறவர்களுக்காக இந்த இழை. வளாகம், கட்டணம், வரலாறு எதுவானாலும் விவரமாக எழுதுங்கள்.

கரைவேட்டி: முகவரியில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள் வானதி. இந்தப் பல்கலைக்கு ஒரே மதில், ஒரே வாசல் கிடையாது. மெய்யியல், வரலாறு, மொழித்துறைகள் பழைய நகரத்தில். இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் நெக்கர் ஆற்றின் வடகரையில். அந்த வடகரை வளாகம் முழுக்க ஒரே தெருப்பெயர்தான்: 'இம் நோயன்ஹைமர் ஃபெல்ட்'. கட்டடத்தைப் பிரித்துக் காட்டுவது எண் மட்டுமே. எண்ணை விட்டுவிட்டுத் தெருவை மட்டும் மேப்பில் போட்டால் தப்பான நிறுத்தத்தில் இறங்கி நடக்க வேண்டிவரும்.

வகுப்பு அட்டவணையில் 9 மணிக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்றிருந்தால் 9.15க்குத் தொடங்கும். 'எஸ்.டி.' என்றிருந்தால் 9 மணி என்றால் 9 மணிதான்.

கட்டணம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஜெர்மனியில் எங்கும் படிப்பு இலவசம் என்று நம்பி வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு இது இல்லை. இதோடு பருவப் பங்களிப்புத் தொகை தனி.

செங்காந்தள்: 'ஜெர்மனியின் மிகப் பழைய பல்கலை' என்று சொல்வதைக் கவனமாகச் சொல்லணும். இன்றைய ஜெர்மனியின் எல்லைக்குள் என்றால் சரி. அன்றைய புனித ரோமப் பேரரசை எடுத்தால் பிராக் (1348), வியன்னா (1365) இரண்டும் மூத்தவை. 1378இல் திருச்சபை இரண்டு போப்புகளாகப் பிளந்தது. பாரிஸ் பல்கலை ஒரு போப்பின் பக்கம் நின்றது. ரோமில் இருந்த மற்ற போப் ஆறாம் அர்பனை ஏற்ற ஜெர்மன் அறிஞர்களுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. இளவரசர் முதலாம் ருப்ரெக்ட் அர்பனிடம் அனுமதி வாங்கி 1386இல் இங்கே கல்விக்கூடம் திறந்தார். பாரிஸிலிருந்து வந்த மார்சிலியஸ் முதல் ரெக்டர், அதாவது பல்கலைத் தலைவர்.

நூலகத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1622இல் போரில் நகரம் விழுந்தபின் இங்கிருந்த பாலட்டினா என்ற பழைய நூல்தொகுப்பு பெரும்பாலும் ரோமுக்குப் போய்விட்டது. 1816இல் திரும்பி வந்தவை 847 ஜெர்மன் கையெழுத்துப் பிரதிகள். ஆகவே 'பால். ஜெர்ம்.' (பாலட்டினா, ஜெர்மன்) குறியீட்டோடு தேடினால் ஹைடல்பெர்க், 'பால். லத்.' (பாலட்டினா, லத்தீன்) என்றால் மூலம் பெரும்பாலும் வத்திக்கானில். இடைக்கால ஜெர்மன் பாடல்களின் தொகுப்பான புகழ்பெற்ற மனெஸ்ஸே சுவடி 'பால். ஜெர்ம்.' 848. அது வந்தது பாரிஸிலிருந்து, 1888இல். பக்கம் பக்கமாக இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

சோதனைக்குழாய்: எல்லாரும் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அதில் எனக்கு மனசே ஆறாது. ஹவுப்ட்ஸ்ட்ராஸ தெருவில் 'ட்ஸும் ரீஸன்' வீட்டு முகப்பில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, அவசியம் நின்று பாருங்கள். இயற்பியலாளர் கிர்ஹோஃப் நிறமாலைப் பகுப்பாய்வைச் (ஒளியைப் பிரித்துப் பார்த்துத் தனிமத்தை அறியும் முறை) செய்த இடம். பக்கத்திலேயே அவரோடு வேலை செய்த வேதியியலாளர் புன்சன் சிலை.

ஆய்வகங்களில் இருக்கும் புன்சன் அடுப்பு ஏன் தேவைப்பட்டது? சாதாரண வாயுச் சுடர் மஞ்சளாகவே எரியும். உப்பு சுடருக்குத் தரும் நிறம் அதில் அமுங்கிவிடும். புன்சன் யோசனையில் கருவி செய்பவர் டெசாகா கட்டிய குழாயில், அடித்துளை வழியே காற்று முன்கூட்டியே வாயுவோடு கலக்கும். சுடர் ஏறக்குறைய நிறமற்றது. பிளாட்டினக் கம்பியை அமிலத்தில் நனைத்து, நிறம் வராதவரை எரித்துச் சுத்தம் பண்ணி, பிறகு உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினால் அந்தத் தனிமத்தின் நிறம் மட்டும் வரும். கம்பி சரியாகச் சுத்தமாகாவிட்டால் சோடியத்தின் மஞ்சள் மற்றதை மறைத்துவிடும். காற்று கூடி வாயு குறைந்தால் சுடர் குழாய்க்குள் இறங்கிவிடும். உடனே வாயுவை மூடணும்.

கிர்ஹோஃப் சொன்னது, அந்த ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்துக் கோடுகளைப் பார் என்று. டியூர்க்ஹைம் என்ற ஊரின் ஊற்று நீரில் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத இரண்டு நீலக்கோடுகள் தெரிந்தன: 1860இல் சீசியம். அதைக் கையில் பிடிக்க சுமார் 44,000 லிட்டர் நீரை வற்றவைத்தார்கள். கிடைத்த சீசியம் குளோரைடு 7 கிராம் சொச்சம். அடுத்த வருடம் ரூபிடியம், கருஞ்சிவப்புக் கோடுகளோடு.

கரைவேட்டி: ஒன்று விட்டுப்போச்சு. 1962இல் தொடங்கிய தெற்காசிய நிறுவனம் ஃபோஸ்ஸ்ட்ராஸ தெருவில் இருக்கிறது, வடகரை வளாகத்தில் தேடாதீர்கள். ஹிந்தி, உருது, வங்காளத்தோடு தமிழும் சொல்லித்தருகிற இடம்.