பேழைக்கு வெளியே நின்றவர்களில் நம் பாட்டிமாரும் சேர்த்தியா?

பெர்ஜுந்தை பேத்தி:
மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தையில் (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும் எங்களுக்கு அது பெர்ஜுந்தைதான்) ஒரு துக்க வீட்டு ஜெபக்கூட்டம். வெளியூர்ப் போதகர் ஒருவர், ஜலப்பிரளயத்தில் பேழை என்ற கப்பலுக்குள் இருந்து தப்பிய நோவாவைப் பற்றிப் பேசினார். ஆதியாகமம் 7:16-இல் கர்த்தர் அந்தப் பேழையின் கதவை அடைத்தாராம். கிறிஸ்துவை அறியாமல் செத்த ரப்பர் தோட்டத்துச் சனங்கள் அத்தனை பேரும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களாம். கூடத்தில் பாதிப் பேர் இந்துச் சொந்தங்கள். இறந்தவரின் அக்கா விபூதி பூசிய நெற்றியோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நான் விசுவாசி. நியாயத்தீர்ப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஜலப்பிரளயத்துக்கு ஆதியாகமம் 6:11 சொல்லும் காரணம், பூமி கொடுமையால் நிறைந்திருந்தது என்பது. கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் 96-ஆம் சங்கீதத்தில் காட்டு மரங்கள்கூட சந்தோஷப்படுகின்றன. மிதிபட்டவனுக்கு நீதி கிடைக்கிற நாள் அல்லவா அது! யாக்கோபு 5:4-இல் வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தர் காதில் விழுகிறது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு நம்மவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரையை (தோட்டத்து வெள்ளைக்கார நிர்வாகியை) கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடி, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பால் வடியும் மங்கு துடைத்து, பிள்ளையையும் வளர்த்த தலைமுறை அது. அந்தத் தலைமுறைப் பாட்டியைப் போய் முதல் குற்றவாளியாக நிறுத்துகிற பிரசங்கம் வேதத்தில் எங்கிருந்து வந்தது?

குறுகிய வாசல்:
சகோதரி, துக்க வீட்டில் அப்படிப் பேசினது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது பாதி வேதம்தான். யாத்திராகமம் 12-ஐ எடுங்கள். எகிப்தில் செங்கல் அறுத்து அடிபட்டது இஸ்ரவேலர், கொடுமைக்காரன் பார்வோன். ஆனாலும் எகிப்தின் தலைப்பிள்ளைகள் செத்த அந்த இரவில், தப்புவதற்கு இஸ்ரவேலன் வீட்டு நிலைக்காலிலும் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூச வேண்டியிருந்தது. நீ கஷ்டப்பட்டவன், உனக்கு இது வேண்டாம் என்று கர்த்தர் யாரையும் விடவில்லை.

கஷ்டப்பட்டது யாரையும் நீதிமானாக்காது. லயத்தில் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில்) குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவனும் துரையிடம் அடிபட்டவன்தான். அவள் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது? எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று ரோமர் 3:23 சொல்வது துரைக்கும் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான். வேறொரு நாமத்தினால் இரட்சிப்பு இல்லை என்கிறது அப்போஸ்தலர் 4:12. இதை மெல்லச் சொல்லலாம், சொல்லாமல் விட முடியாது.

அம்மன் கோயில் வீதி:
நான் இந்து, சித்தப்பா குடும்பம் கிறிஸ்தவர்கள். சண்டைக்கு வரவில்லை. அந்த வெள்ளத்தில் போன கைக்குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்? இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

தோட்டத்துக் கத்தோலிக்கன்:
அதே நோவா காலத்து ஆட்களைப் பற்றி 1 பேதுரு 3:19-20 பேசுகிறதே. அன்று கீழ்ப்படியாமல் போனவர்களின் ஆவிகளுக்குக் கிறிஸ்து போய்ப் பிரசங்கித்தார் என்கிறது. தங்கள் குற்றம் இல்லாமல் நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்று எங்கள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவை) 1964-இல் எழுதியே வைத்திருக்கிறது. அவர்களையும் மீட்பது கிறிஸ்துதான், அதில் மாற்றமில்லை.

குறுகிய வாசல்:
அண்ணே, அந்தப் பேதுரு வசனத்தின் மேல் இவ்வளவு பெரிய நம்பிக்கையைக் கட்டாதீர்கள். கிறிஸ்துவின் ஆவி நோவா மூலமாக அந்தக் காலத்திலேயே பிரசங்கித்தது என்றுதான் பழைய திருச்சபைப் போதகர் அகஸ்தீன் அதைப் படித்தார். மரித்தபின் நியாயத்தீர்ப்பு என்று எபிரெயர் 9:27 தெளிவாக இருக்கிறது. எல்லாருக்கும் எப்படியும் கிடைக்கும் என்றால் நாம் சுவிசேஷம் சொல்லப் போவது எதற்கு?

பெர்ஜுந்தை பேத்தி:
முதலில் கோயில் வீதிக்காரருக்கு. அந்தக் குழந்தைகளைப் பற்றி ஆதியாகமம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நான் மழுப்ப மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியை வேதமே கேட்கிறது. கர்த்தர் அழிக்கவிருந்த சோதோம் ஊருக்காக ஆபிரகாம், நீதிமானைத் துன்மார்க்கனோடு அழிப்பீரோ என்று கர்த்தரிடமே வழக்காடுகிறான். ஊரைக் காப்பாற்ற ஐம்பது நீதிமான்கள் இருந்தால் போதுமா என்று தொடங்கிப் பத்து வரை பேசி இறக்குகிறான், அவரும் இறங்கி வருகிறார். அப்புறம் யோனா 4:11. வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமானவர்களும் அநேக மிருகங்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கர்த்தர் கேட்பதோடு அந்தப் புத்தகம் முடிகிறது. இஸ்ரவேலுக்கு எதிரி ஊர் அது.

குறுகிய வாசல் அண்ணன், சுவிசேஷம் சொல்லத்தான் வேண்டும். கர்த்தர் யோனாவையும் நினிவேக்கு எச்சரிக்க அனுப்பித்தான் வைத்தார். ஊர் தப்பியதற்குக் கோபித்துக்கொண்டவன் யோனாதான். லயத்துப் பெண்டாட்டியின் கண்ணீருக்கும் நியாயம் உண்டு என்றீர்கள், அது முழுக்கச் சரி. பாட்டிக்குப் பாவமே இல்லை என்று நானும் சொல்லவில்லை. நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) இல்லாதவர்களின் இருதயத்தையும் மனச்சாட்சியையும் வைத்துக் கிறிஸ்துவைக்கொண்டு தேவன் நியாயந்தீர்ப்பார் என்று ரோமர் 2:14-16 சொல்கிறது. அந்த இருதயத்துக்குள் போய்ப் பார்த்தவர் போலத் தீர்ப்புச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

குறுகிய வாசல்:
லூக்கா 13-இல் இயேசுவே கதவைப் பற்றிப் பேசுகிறாரே, சகோதரி. வீட்டெஜமான் எழுந்து கதவைப் பூட்டினபின் தட்டுகிறவர்களுக்குத் திறக்கவில்லை. அதையும் போதகர்மேல் போடுவீர்களா?

பெர்ஜுந்தை பேத்தி:
மாட்டேன். ஆனால் வெளியே நின்று தட்டுவது யார் என்று 26-ஆம் வசனத்தில் பாருங்கள். உம்மோடு சாப்பிட்டோம், எங்கள் வீதிகளில் நீர் போதித்தீர் என்கிறவர்கள். பிரசங்கம் கேட்டவர்கள்! கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலுமிருந்து வந்து பந்தியில் உட்காருகிறவர்கள் 29-ஆம் வசனத்தில் வருகிறார்கள். இரட்சிக்கப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தானா என்று ஒருவன் கேட்டதற்கு வந்த பதில் இது. இயேசு கணக்குச் சொல்லவில்லை, நீங்கள் உள்ளே வரப் பிரயாசப்படுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். அந்தப் போதகர் மறுபடி எங்கள் ஊருக்கு வந்தால் இந்த அதிகாரத்தை எங்களுக்கு, ஞானஸ்நானம் வாங்கி முன்வரிசையில் உட்காரும் எங்களுக்கு, பிரசங்கிக்கட்டும். நான் கேட்கத் தயார்.