இரட்டை ஓவனா, ரேஞ்சா? சமையலறையை மாற்றிக் கட்டுமுன் ஆலோசனை வேண்டும்

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். 1984-இல் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் சமையலறையை வரும் கோடையில் முழுவதுமாக மாற்றிக் கட்டவிருக்கிறோம். கேபினெட், கவுண்டர், தரை எல்லாம் முடிவாகிவிட்டன. ஒன்றில் மட்டும் மூன்று வாரமாக வீட்டில் பேச்சு ஓயவில்லை. இப்போது இருப்பதைப் போலவே மேலே அடுப்பும் கீழே ஓவனும் சேர்ந்த 30 அங்குல காஸ் ரேஞ்சையே புதிதாக வாங்கிப் போடுவதா, அல்லது கவுண்டரில் பதிக்கும், ஓவன் இல்லாத அடுப்பான 36 அங்குல குக்டாப்பும், தனியே ஓர் உயரமான அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஓவன்களும் வைப்பதா என்பதே கேள்வி.

நியூ ஜெர்சியில் வீட்டில் செய்த கேக், ரொட்டி வகைகளை விற்பதற்கு 2021 அக்டோபரில் அனுமதி வந்தது. அதற்குரிய பெர்மிட் பெற்று, வார இறுதிகளில் நான் கேக் செய்து கொடுத்து வருகிறேன். வெள்ளிக்கிழமை இரவு ஒரே ஓவனில் நான்கு முறை மாற்றி மாற்றி வைத்தெடுத்து முடிப்பதற்குள் நள்ளிரவாகிவிடுகிறது. மற்ற நாட்களில் குழம்பு, பொரியல், தோசை என்று நம் வீட்டுச் சமையல்தான். எங்களுடன் இருக்கும் அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் தேய்மானத்தால் குனிந்து நிமிர முடியாது. உருண்டை அடி வாணலியும் ஈயச்சொம்பும் இல்லாமல் அவருக்குச் சமையல் இல்லை என்பதால் இன்டக்‌ஷனைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை.

அடுப்பு இருக்கும் சுவரின் நீளம் 13 அடி. ஃப்ரிட்ஜும் அதே சுவரில்தான், தொட்டி எதிர்ப்புறம். இரட்டை ஓவனுக்கான அலமாரி அங்கே வந்தால், இப்போது கிரைண்டரும் மிக்ஸியும் இருக்கும் இடம் போய்விடும். இரண்டில் ஒன்றைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (பிளேனோ, டெக்சஸ்)

எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக இரட்டை ஓவன் இருக்கிறது, சகோதரி. மேல் ஓவன் இல்லாத சமையலறையை இனி நான் விரும்ப மாட்டேன். கீழ் ஓவனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நெஞ்சுக்குச் சற்றுக் கீழே தட்டு வந்து நிற்பதால் கொதிக்கும் பாத்திரத்தைக் குனியாமல் எடுக்கலாம். என் மாமியார் முதன்முறையாக ஓவனைத் தாமே திறந்து பயன்படுத்தத் தொடங்கியது இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான். கீழ் ஓவனோ, தேங்க்ஸ்கிவிங் நாளில் வான்கோழி மேல் ஓவனில் நான்கு மணி நேரம் இருக்கும்போது மற்றவற்றுக்கு உதவும். ஆண்டில் மொத்தம் ஏழெட்டு முறைதான் பயன்படுகிறது. மற்ற நாட்களில் வாணலிகளை அடுக்கி வைக்கும் அலமாரியாகவே அது இருக்கிறது.

இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். ஜனவரிக் குளிரில் இட்லி மாவை ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்துத்தானே புளிக்க வைக்கிறோம். ஒரே ஓவன் இருந்தால், கேக் வைக்கும் இரவில் மாவுக்கு இடமில்லை. ஆனால் வாங்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: புதிய ஓவன்கள் சிலவற்றில் விளக்கு எல்.இ.டி. வகை, அதில் மாவு பொங்கும் அளவுக்குச் சூடு வராது. ரொட்டி மாவை உப்ப வைப்பதற்கென்று தனி அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் கவுண்டர். அலமாரிக்காக விட்டுக்கொடுத்த அந்த மூன்று அடி இடத்தை ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் காய் நறுக்கும்போது நினைக்கிறேன்.

மறுமொழி 2 (பென்சில்வேனியா, கேபினெட் வேலை செய்பவர்)

நான் சமையலறைகளைப் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். உங்கள் சுவரையே கணக்கிட்டுப் பார்ப்போம். 13 அடி என்றால் 156 அங்குலம். ஃப்ரிட்ஜுக்கு 36, 30 அங்குல இரட்டை ஓவனைத் தாங்கும் அலமாரிக்கு 33, குக்டாப்புக்கு 36 என்று கழித்தால் மிஞ்சுவது 51 அங்குலம். அதை அடுப்பின் இருபுறமும் பகிர்ந்தால் பக்கத்துக்கு இரண்டடிதான். ரேஞ்ச் வைத்தால் 90 அங்குலம் மிஞ்சும். அடுப்பின் ஒரு பக்கம் குறைந்தது 12 அங்குலமும் மறுபக்கம் 15 அங்குலமும், ஓவனுக்கு அருகில் சூடான தட்டை இறக்கி வைக்க 15 அங்குலமும் வேண்டும் என்பது இங்கே வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் அளவு. உங்கள் 51 அங்குலம் அந்த அளவுக்குப் போதும். கிரைண்டரையும் மிக்ஸியையும் வைத்துக்கொண்டு சமைக்கப் போதாது.

மின்சாரத்தையும் இப்போதே பாருங்கள். காஸ் ரேஞ்சுக்கு அடுப்பைப் பற்றவைக்கவும் விளக்குக்கும் சாதாரண 120 வோல்ட் பிளக் போதும். மின்சார இரட்டை ஓவனுக்குத் தனியாக 240 வோல்ட், 40 அல்லது 50 ஆம்பியர் இணைப்பு வேண்டும். பழைய வீடுகளில் வீட்டுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பேனலே 100 ஆம்பியராக இருப்பதுண்டு. அதை மாற்ற வேண்டியிருந்தால் செலவுக் கணக்கே வேறாகிவிடும். இப்படி அலமாரிக்குள் பதிக்கும் சுவர் ஓவன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 30 அங்குல ரேஞ்ச் பழுதானால் எந்தக் கம்பெனி ரேஞ்சும் பெரும்பாலும் அதே இடைவெளியில் உட்கார்ந்துவிடும். சுவர் ஓவனுக்கு வெட்டும் அளவு கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், பதினைந்து ஆண்டு கழித்து அலமாரியையும் சேர்த்து வெட்ட நேரலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்; என் பார்வையில் ஓவனைவிட இதுவே முக்கியம். தினமும் தாளிக்கும் வீட்டில் புகையை வெளியேற்றும் ஹூட்தான் முதலில் தீர்மானிக்க வேண்டியது. காற்றை வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகையால் மிளகாய் நெடியும் எண்ணெய்ப் புகையும் போகாது; குழாய் வைத்து வெளியே விட வேண்டும், ஹூட்டின் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையக் கூடாது. நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் ஹூட் வைத்தால், வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று உள்ளே வரவும் வழி செய்ய வேண்டும் என்பது பல இடங்களில் பின்பற்றப்படும் கட்டட விதி. அடுப்பின் இடத்தை மாற்றினால் இந்தக் குழாயின் பாதையும் மாறும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ரேஞ்சையே எடுத்தால், திறந்த கதவின்மேல் பாரம் ஏறினாலும் கவிழாதபடி அதன் பின்காலைப் பிடிக்கும் இரும்புப் பிடியைக் கட்டாயம் பொருத்தச் சொல்லுங்கள். பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

மறுமொழி 3 (ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா)

நானும் கேக் செய்து கொடுப்பவள்தான். உங்களுக்கு இரண்டு ஓவன் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அலமாரியில் இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பாஞ்ச் மாவு ஓவனுக்காகக் காத்திருக்காது, நுரை அமர்ந்துவிடும். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கேக் இருக்கும்போது 400 டிகிரியில் பஃப்ஸ் வைக்க ஒரே ஓவனில் வழியில்லை. அதற்குத்தான் இரண்டாவது ஓவன்.

ஒரே ரேஞ்சுக்குள் இரண்டு ஓவன் வைத்த மாடல்களைக் கடையில் காட்டுவார்கள். நான் ஐந்து ஆண்டு அதை வைத்திருந்தேன். மேல் அறை உயரம் குறைந்தது. ஒரு தட்டுதான் வசதியாகப் போகும். பெரிய அறையோ தரையை ஒட்டி இருக்கும். கேக் டின்னை எடுக்க நானே மண்டியிட வேண்டியிருந்தது. உங்கள் அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது.

என் யோசனை இது: அடுப்பிருக்கும் இடத்தில் சாதாரண 30 அங்குல காஸ் ரேஞ்ச், வேறொரு சுவரில் கவுண்டர் உயரத்தில் ஒரே ஒரு மின்சார ஓவன். முழு அளவில் இரண்டு ஓவன் கிடைக்கும். அம்மா குனிய வேண்டாம். கிரைண்டரின் இடமும் போகாது. காஸ் எரியும்போது நீராவியும் சேர்ந்து வரும் என்பதால், ஓரம் மொறுமொறுப்பாகச் சிவக்க வேண்டியவற்றை மின்சார ஓவனில் வையுங்கள். அதை விசிறி உள்ள கன்வெக்‌ஷன் வகையாக வாங்கி, வெப்பத்தை 25 டிகிரி குறைத்து, இரண்டு தட்டுகளைச் சேர்த்து வைத்துப் பழகினால், உங்கள் நான்கு முறை இரண்டு முறையாகக் குறையும். பழகும்வரை வாடிக்கையாளர் கேக்கை அதில் வைக்காதீர்கள். எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே மளிகைச் சாமான் வைக்கும் ஓர் உள்ளறை இருக்கிறது. அதை ஓவனுக்கான இடமாக எண்ணிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. நேற்று அளந்தேன்: உள் அகலம் 31 அங்குலம், ஆழம் 26. இதில் 30 அங்குல ஓவன் நுழையுமா, அண்ணா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

நுழையாது, சகோதரி. 27 அங்குல ஓவனை எடுங்கள்; அதற்கான அலமாரி 30 அங்குலத்தில் அமைந்துவிடும். உங்கள் பெரிய கேக் தட்டை மட்டும் கடைக்கு எடுத்துச் சென்று உள்ளே வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஓவனுக்குக் கீழே ஆழமான இழுப்பறை ஒன்று வைத்தால் அரிசி, பருப்பு அங்கே போகும். பக்கத்தில் சூடான தட்டை வைக்க ஒரு சிறு கவுண்டராவது இருக்கிறதா?

கேட்டவர்

வலப்புறம் 18 அங்குலக் கவுண்டர் இருக்கிறது. பேனலும் 150 ஆம்பியர் என்று இன்று பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை எலெக்ட்ரீஷியன் வருகிறார். அவர் சரியென்றால் ரேஞ்ச் ஒன்று, சுவர் ஓவன் ஒன்று என்றே செய்கிறோம். குக்டாப்பில் மிஞ்சும் பணத்தை வெளியே குழாய் போகும் ஹூட்டுக்கு வைத்துவிட்டேன்.