தனியா படம் வரையுறவங்க மாசச் செலவ எப்படி சமாளிக்கிறீங்க?

தக்கலை தூரிகை:
மக்கா, நான் சுவர் ஓவியமும் லேப்டாப்ல இல்லஸ்ட்ரேஷனும் ஃப்ரீலான்ஸா பண்ணுகேன். ஏப்ரல், மே ஸ்கூல் லீவுல கிளாஸ்ரூம் சுவரு வேலை நல்லா வரும், ஜூன்ல மழ தொடங்கினா கை காலி, நம்ம குமரி மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் உண்டுல்லா, ஐப்பசியிலயும் அதே கததான். வாடகை மட்டும் மாசாமாசம் கரெக்டா வந்து நிக்குது. என்ன செய்ய?

வடசேரிக்காரன்:
வர்ற காசுக்கு ஒரு அக்கவுண்ட், வீட்டுக்கு ஒரு அக்கவுண்ட்னு மொதல்ல பிரிங்க. ஒண்ணாந்தேதி ஒரே தொகைய சம்பளம் மாதிரி எடுத்துக்கிடுங்க, அத நல்ல மாசத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, போன வருஷத்துல ரொம்ப மோசமா போன மாசங்களப் பாருங்க. அப்புறம் ப்ரைமர், எமல்ஷன், சாரம் வாடகை எல்லாத்துக்கும் அட்வான்ஸ் வாங்காம டப்பாவ தொறக்கவே கூடாது. அட்வான்ஸ்னு சொன்னதும் நழுவுற பார்ட்டி மீதிக் காசும் ஒழுங்கா தராது, இது என் கருத்து.

மார்த்தாண்டம் அக்கா:
கம்பெனி பில்லுல டிடிஎஸ், அதாவது காசு தரும்போதே வருமான வரிக்குன்னு ஒரு பங்கு, புடிச்சா அது போன காசு இல்ல தம்பி. வருமான வரி ரிட்டர்ன் போடுங்க, வரிக்கு மேல புடிச்சிருந்தா திரும்ப வரும். ஜிஎஸ்டிக்கு இப்பவே பயப்படாதீங்க, நம்மள மாதிரி சர்வீஸ் பண்றவங்களுக்கு பொதுவா வருஷ மொத்த வரவு 20 லட்சம் தாண்டினாதான் பதிவு.

தக்கலை தூரிகை:
நன்றி அக்கா. திருவிழா கமிட்டிக்காரங்க முடிஞ்சப்புறம் தாறோம்னு சொன்னா?

வடசேரிக்காரன்:
கொடியேத்துக்கு முன்னாடி வாங்கிருங்க மக்கா. கொடி எறங்கிட்டா ஒருத்தனும் போன் எடுக்கமாட்டான் 😄