கொலுப் பெட்டிகளில் ஒட்டிய கியூஆர் குறியீட்டைக் கைபேசி ஏன் படிக்கவில்லை?

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்):
எங்கள் வீட்டுப் பரணில் கொலு பொம்மைகளும் பித்தளைப் பாத்திரங்களும் உள்ள 32 பிளாஸ்டிக் பெட்டிகள் இருக்கின்றன. பண்ருட்டியில் வாங்கிய தசாவதார பொம்மைகளைத் தேடி ஆண்டுதோறும் எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பெட்டியின் முழுப் பட்டியலையும் தமிழில் தட்டச்சு செய்து, அதையே கியூஆர் குறியீடாக்கி, 3 செ.மீ. அளவில் ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு ஒட்டினேன். சிறிய பட்டியல்களைக் கைபேசி உடனே படிக்கிறது, நீளமானவற்றைப் படிப்பதில்லை. அச்சு தெளிவாகவே இருக்கிறது. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் (புதுச்சேரி, முத்தியால்பேட்டை):
குறை அச்சில் இல்லை ஐயா, பட்டியலின் நீளத்தில் இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. 'ப', 'ொ' என இரு குறிகள் சேர்ந்த 'பொ' என்ற ஓரெழுத்து மட்டுமே 6 பைட். 900 பைட் கொண்ட பட்டியலுக்கு, 15 சதவீதச் சேதத்தைத் தாங்கும் நிலையில், குறியீட்டுச் சதுரத்தின் ஒரு பக்கத்துக்கு 113 சிறு கட்டங்கள் வேண்டும். சுற்றிலும் விடவேண்டிய 4 கட்ட வெள்ளை ஓரத்தையும் சேர்த்தால், 3 செ.மீ.க்குள் ஒரு கட்டம் கால் மில்லிமீட்டர்தான் வரும், அவ்வளவு சிறியதைக் கைபேசி பிரித்தறிவது கடினம். குறியீட்டில் பெட்டி எண்ணை மட்டும் வைத்து, பட்டியலை விரிதாளில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 21 கட்டங்களே போதும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மி.மீ. இருக்கும், பொம்மைகளை இடம் மாற்றினாலும் மறுபடி அச்சிட வேண்டாம். இடையில் ஓர் இணையச் சேவையின் இணைப்பு வழியாகச் செல்லும் குறியீடுகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சேவை நின்றால் ஒட்டியவை அனைத்தும் வீணாகும்.

பதில் (கடலூர் முதுநகர், அச்சகப் பணி):
லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் 6.4 பதிப்பு முதல் கியூஆர் உருவாக்கும் வசதி அதிலேயே உள்ளது. அச்சிடும்போது அளவை 100 சதவீதத்தில் வையுங்கள். நம் கடற்கரை ஈரத்துக்கு இங்க்ஜெட் மை கசியக்கூடும் என்பதால் லேசர் அச்சே நல்லது. மேலே பளபளப்பான டேப் ஒட்டினால் விளக்கொளி பட்டுக் கண்ணாடிபோல் மின்னும். மூடிகள் மாறிப்போகும், ஆகவே பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள்.

பதில் (புதுச்சேரி, லாஸ்பேட்டை):
எண்ணைக் குறியீட்டின் கீழே பெரிதாகவும் அச்சிடுங்கள். பட்டியலின் தாள் பிரதி ஒன்றும் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூரில் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் கைபேசிகள் அணைந்துகிடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. 'கொ-07' என்று தமிழ் எழுத்தோடு எண் வைக்கலாமா?

முத்தியால்பேட்டை:
தாராளமாக வைக்கலாம். அது 9 பைட்தான். 25 சதவீதச் சேதத்தைத் தாங்கும் நிலையிலும் அதே 21 கட்டங்களுக்குள் அடங்கிவிடும்.